பழைய பூட்டை மாட்டிவிட்டேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதை, அம்மா உன்னோடு போனில் பேசிவிட்டு வைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தே இந்த மூன்று வருஷமாகத் தெரிந்துகொள்கிறேன், கேட்கத்தான் வாய் வரவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, தம்பி பரீட்சை முடித்துவிட்டுத் தூங்கு தூங்கென்று தூங்குகிறான், பூட்டுக்கடையில் என் கை இன்னும் நடுங்கவில்லை.

போன வாரம் அம்மா உன் போட்டோவைக் காட்டினாள். ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்பது பேரை நீதான் வெளியே கொண்டுவந்தாயாமே. முகமெல்லாம் கிரீஸ், தலையில் ஹெல்மெட், ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறாய். பெண்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலையா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று குதித்தவன் நான். இப்போது அந்த நாலு பேருக்கும் நானே தேடிப்போய்ப் போட்டோவைக் காட்டிவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, போதும் என்கிறார். பார்க்கட்டும், என்ன குறைந்துவிடும்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது உன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் நம் வீட்டுச் சாவி இருக்கிறது. நான் ராவிய சாவி எனக்குத் தெரியாதா? நீ ஆறாவது படிக்கையில் உனக்கென்று செய்தது, நீ பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணத்ததில் அரம் சறுக்கி மூன்றாவது பல் அளவுக்கு மேல் தேய்ந்துவிட்டது. தூர எறிந்துவிட்டு வேறு செய்திருக்கலாம், இதுதான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். பூட்டையே கழற்றி அந்தச் சாவிக்குத் தக்கபடி மாற்றி, எங்கள் சாவிகளையும் மறுபடி ராவினேன். தொழில் தெரிந்த எவனும் செய்யாத கிறுக்குத்தனம். அதே நான்தான், அந்த வேலைக்குப் போனால் வாசல்படி மிதிக்காதே என்று சொல்லி, நீ பஸ் ஏறிய மறுநாளே பூட்டை மாற்றினேன். யார் கேட்டாலும் அவளாகப் போனாள் என்றே சொல்லிவந்தேன். அது பொய்யம்மா. நான்தான் துரத்தினேன்.

நேற்று ஒருவர் கடைக்கு வந்து, மகனை வீட்டைவிட்டு அனுப்பியாகிவிட்டது, பூட்டை மாற்ற வேண்டும் என்றார். இப்படி எத்தனையோ பூட்டு மாற்றியிருக்கிறேன், ஒருவரையும் ஏன் என்று கேட்டதில்லை. இவரைக் கேட்டேன். படிப்பைப் பாதியில் விட்டுச் சமையல் வேலைக்குப் போகிறானாம், அவ்வளவுதான் குற்றம். "நான் மாத்தித் தரமாட்டேங்க, எம்பொண்ணுக்கு ஒரு தடவ மாத்தினதே போதும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார், வேறு கடையில் மாற்றியிருப்பார். நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டு வாசல் கதவில் மாட்டினேன். அம்மா ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பெல்ட் மாட்டாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்காதே. சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிடாதே, எதிலாவது சிக்கும், பைக்குள் போட்டுக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. கையும் காலும் சுகமாக, நீ நூறு வயசு நன்றாக இரு. வரும்போது முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். மூன்றாவது பல் கொஞ்சம் பிடிக்கும், லேசாகத் தூக்கித் திருப்பு, திறந்துகொள்ளும்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரியின் அப்பா
(தெருவில் இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)