சிம்ரன் பேசுகிற கேசட்

திருநின்றவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

சிம்ரன் அப்பாவுக்கு,

சாமுண்டீஸ்வரி எழுதுவது. இங்கே நான் நல்லபடியாக இருக்கிறேன். உங்கள் சர்க்கரை எப்படி என்று கேட்டால் நல்லாத்தான் கீது என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. உங்களை இப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் போன பிறகு வெறும் 'இன்னாங்க'தான். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததும் பழைய பெயர்தான் கைக்கு வந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுவதுதான் தெரியுமே. சாப்டியா, சாப்டேன், சரி வெச்சிடு. இது அப்படிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. உங்கள் ரூமில் இருக்கும் துலுக்கானம் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். மண்ணூர்பேட்டையில் அவர் வீட்டில் வடகமும் எள்ளுப்பொடியும் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பென் டிரைவும் இருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரில் நல்ல மழை. ஏரி நிரம்பி, பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. மோட்டார் வழக்கம்போல மக்கர் பண்ணுகிறது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் பெண்ணுக்கு ஆவடியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் நம் சிம்ரனும் ஒரே வகுப்பு. பத்திரிகையைக் கையில் வாங்கும்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு நீங்கள் போன் பண்ணினபோது, வைக்கப் போகிற நேரத்தில் ஒன்று சொன்னீர்கள். அவ மூஞ்சி ஞாபகம் கீது சாமுண்டி, கொரலுதான் வர மாட்டேங்குது, அந்த ஆடி மாசக் கேசட்ட லேப்டாப்புல ஏத்த முடியுமா பாரு என்று. அவளைப் பற்றி நீங்களாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். எனக்கும் அவள் குரல் மறந்துபோய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஏத்திடலாம் என்றேன்.

பீரோவிலிருந்து அந்தப் பழைய வீடியோ கேமராவை, ஹேண்டிகேமை எடுத்தேன். பேட்டரி செத்துவிட்டது, ஆனால் நேராகக் கரண்டில் போட்டால் ஓடியது. புது லேப்டாப்பில் அந்தக் காலத்து ஒயரைச் செருக இடமே இல்லை. நான் வேலை பார்க்கிற கம்பெனியில் கேட்டு, பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர், மறுபக்கம் லேப்டாப். கேசட் முழுக்க ஓடினால்தான் உள்ளே ஏறுமாம். போன ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து போட்டேன்.

வந்தாள். அம்மன் கோவில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு நான் எடுத்தது. மஞ்சள் கவுன், கையில் வேப்பிலை, முன்பல் இரண்டும் இல்லை. படம் நன்றாக வந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஒயர் செருகினால் கேமராவில் சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும். அது சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் நிதானமாகக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அவள் வாயை வாயை அசைக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நேரம் சும்மா இருப்பேன்? நானே பேச ஆரம்பித்தேன். கூழ் குண்டான் பக்கம் ஓடினபோது பாத்துடி, சுடும் என்றேன். கிட்டே வந்து ஏதோ கேட்டாள், இன்னா கண்ணு என்றேன், சிரித்தாள். அப்பாவ காட்டுடி என்றேன். உடனே என் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கி உங்கள் பக்கம் திருப்பினாள். பெரிய மீசையோடு, வெட்கப்பட்டுக்கொண்டு கையால் முகத்தை மறைக்கிறீர்கள். அது அன்றைக்கே நடந்தது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் நான் சொன்னதைக் கேட்டுத்தான் திருப்பினாள் என்று உடம்பு நம்பியது.

முடிந்ததும் லேப்டாப்பில் போட்டுக் கேட்டேன். அவள் வாயை அசைக்கிறாள், என் குரல் வருகிறது. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம், தெருவில் கேஸ் வண்டிக்காரன் மணி. ஒயரில் வந்த அவள் சத்தத்தை விட்டுவிட்டு, லேப்டாப் தன்னுடைய மைக்கில் விழுந்ததை எடுத்துக்கொண்டிருக்கிறது. சத்தத்தை எதிலிருந்து எடுக்க வேண்டும் என்று முதலிலேயே மாற்றி வைக்க வேண்டுமாம். யார் கண்டது?

மாற்றிவிட்டு மறுபடியும் போட்டேன். கேமரா கேசட்டை இழுத்துத் தின்றுவிட்டது. உள்ளே கரகரவென்று சத்தம். நிறுத்தித் திறந்தால் டேப் கசங்கி, அறுந்து, தூள் தூளாகக் கொட்டுகிறது. அம்பத்தூரில் ஒரு கடை விடாமல் காட்டினேன். ஒருத்தர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மேல இருந்த பூச்சே கழண்டுடுச்சும்மா, இனிமே இதுல ஒண்ணும் இல்ல என்றார். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அதை என் கையாலேயே தொலைத்தேன். நானும் அவள் குரலை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. திட்டுங்கள். அன்றையிலிருந்து வீட்டில் ஏதாவது தனியாகப் பேசினால் கொஞ்சம் நின்று கேட்கிறேன். பதில் வரும் என்று காத்திருக்கிறேன். பைத்தியம் இல்லை, பயப்படாதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறேன்.

பென் டிரைவில் இருப்பது என் குரல் ஏறிய அந்தப் படம்தான். கடைசியில் அவள் படம் முடிந்த பிறகு திரை வெறும் நீலமாக இருக்கும். கேசட் முடிந்தது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம், வெட்டவில்லை. அவளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அந்தக் கடைசி நாளில் ரயில்வே கேட்டில் நின்றதைப் பற்றித்தான் அவளிடம் பேசுகிறேன். நீங்கள் வண்டியில் முன்னால், நான் பின்னால், அவள் நம் நடுவில். கேட் திறக்கவே இல்லை. பட்டாபிராம் வழியாகப் போயிருக்கலாம் என்று இத்தனை வருஷமும் நீங்கள் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஊரில் உங்கள் கால் தரிக்கவில்லை என்பதும் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாளும் இருந்ததில்லை. நானும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

ரூமில் எல்லோரும் இருக்கும்போது போடாதீர்கள். துலுக்கானம் அண்ணன் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள். நீலம் வந்ததும் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

போதும், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேளுங்கள்.

இப்படிக்கு,
சாமுண்டி