ரெகுலேட்டருக்கு அடியில் பெயிண்ட்

இன்று காலை என் பட்டறைக்கு வந்த ஜீப்பின் பானெட்டைத் திறந்தேன். கொதித்த பேட்டரியின் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தேன். உன்மேல் வந்த கோபம்தான். நீ செத்தும் அது சாகவில்லை.

எழுபதுகளின் நடுவில், குமுளிப் பக்கத்து ஏரியில் நான் சுற்றுலாப் படகு ஓட்டினேன்; நீ எலக்ட்ரீஷியன். அந்த சீசனில் நம் டீசல் படகு இரண்டு புது பேட்டரிகளைக் காலி செய்திருந்தது. இஞ்சினை ரேஸ் பண்ணி மீட்டர் வைத்தாய். பதினாலில் நிற்க வேண்டிய வோல்ட் பதினாறைத் தாண்டி ஏறியது.

"பேட்டரி மேல குத்தமில்ல மாப்ளே. சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரை அடக்குற ரெகுலேட்டருக்கு எர்த் சரியாக் கிடைக்கல, அதான் சார்ஜ் மிஞ்சி பேட்டரி கொதிக்குது. பெயிண்ட் மேலயே வச்சு முடுக்கியிருக்கானுக. கழட்டிச் சுரண்டணும்" என்றாய்.

மேனேஜரிடம் ஒரு மணி நேரம் படகை நிறுத்தக் கேட்டாய்.

"கூட்டம் நிக்குது, தெரியலையா? வேற பேட்டரி போட்டு எடுங்கப்பா. மத்ததெல்லாம் சீசன் முடிஞ்சு" என்றார்.

நீ தலையாட்டினாய்.

மூன்றாவது பேட்டரியும் கொதித்தது. பேட்டரி வாயு தேங்கி மூடிக்கிடந்த இஞ்சின் அறைக்குள் குனிந்து வயர் கிளாம்பைக் கழற்றினாய். ஒரு பொறி, பேட்டரி வெடித்தது. அமிலம் உன் வலது கண்ணைத் தின்றுவிட்டது.

உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நானே ரெகுலேட்டரைக் கழற்றினேன். அடியில் பச்சைப் பெயிண்ட், தடிமனாக. சுரண்டிவிட்டு, இஞ்சினிலிருந்து தனியாக எர்த் வயர் கொடுத்து, வேறு பேட்டரியோடு ஓடவிட்டேன். முள் பதினாலில் வந்து நின்றது. ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை.

அதை விபத்து விசாரணையில் சொல்லத்தான் வந்தேன். நான் வாய் திறக்குமுன் நீ எழுந்து, "என் கைத்தப்புதான் சார்" என்றாய்.

வெளியே உன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா அப்படிச் சொன்ன?"

"கேட்ல வாட்ச்மேனாப் போடுறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காருடா. பிள்ளைக இருக்குல்ல?"

நான் அன்றே படகு வேலையை விட்டேன். அடுத்த மழைக்காலத்தில், ஆள் அதிகம் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ சொன்ன பொய் மட்டும் அங்கே நிலைத்தது. படகு பேச்சு வந்தாலே, "அந்தக் கைத்தப்புக்காரன்" என்றுதான் இன்றும் உன்னைச் சொல்கிறார்கள்.

மேனேஜரை நான் மன்னிக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்த உன்னையும்தான்.

என் பட்டறையில் எவனாவது, "என் தப்புதாண்ணே" என்று ஆரம்பித்தால் இப்போதும் கத்துகிறேன்: "வாயை மூடுடா. என்ன நடந்துச்சுன்னு முதல்ல பாப்போம்." மிரண்டு நிற்கிறார்கள். அன்றைக்கு அந்த விசாரணை அறையில், எல்லோர் முன்னாலும், உன்னைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டிய கத்தல் அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?