கிழித்துப் போடும் சீட்டு

மார்ச் 4
ஆஸ்பத்திரி கேன்டீனில் இன்று நூற்றுப்பத்து சாப்பாடு. என் வீட்டுக்காரர் போய் எண்பத்து மூன்று நாள். பாத்திரம் கழுவும்போது அழுதால் வசதி, முகம் எப்படியும் ஈரம்தான்.

மார்ச் 6
அவருடைய அண்ணன் வந்தார். மகளுக்குப் பெரியப்பா, எனக்கு போன் டாக்டர், வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் அவருக்கு வைத்தியம். அடுத்த தெருவில் மறுபடி என் வீட்டுக்காரரைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல். மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார்கள்.
"அது வம்சத்தையே மாத்தி எழுதிடும்மா. தம்பி போடாம இருந்தான் பாரு, புத்திசாலி."
புத்திசாலிதான். ஒன்பது நாள் காய்ச்சலில் எல்லாரையும் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

மார்ச் 7
போன் டாக்டரை மட்டும் திட்டினால் ஆச்சா? "மருந்து உள்ளயே தங்கி, எதையோ செஞ்சுக்கிட்டே இருக்கும்"னு தம்பிகிட்ட அவர் சொன்னப்ப தலையாட்டினது யாரு? நான்தானே.
கேன்டீனில் ஆர்டர் சீட்டை ஆணியில் குத்துவோம். சாப்பாடு போனதும் கிழிக்க வேண்டும். ஒரு நாள் கிழிக்க மறந்தேன். மாஸ்டர் நாற்பது ஆம்லெட்டை இரண்டு தடவை போட்டார். ஊசியும் அப்படித்தான் என்று பயந்தேன். ஆம்லெட்டை நினைத்து ஆளைக் கோட்டைவிட்டேன்.

மார்ச் 9
ஊசி போடும் நர்ஸ் சாப்பிட வந்தாள். கேட்டே விட்டேன்.
"அக்கா, அதுவும் ஆர்டர் சீட்டுதான். எம்ஆர்என்ஏன்னு பேரு. நம்ம உடம்புக்குள்ள எந்நேரமும் ஓடுற சமாச்சாரம். கிருமி மேல இருக்கற முள்ளை மட்டும் செய்யுன்னு ஊசில எழுதி அனுப்புறோம். உடம்பு செய்யும். உள்ள இருக்கற காவல்காரங்க அதைப் பாத்து ஞாபகம் வச்சுக்குவாங்க. நெஜக் கிருமி வந்தா விடமாட்டாங்க."
"சீட்டை யாரு கிழிக்கறது?"
"உடம்பே கிழிச்சிடும், சில நாள்ல. அது அவ்ளோ நோஞ்சான். அதான் ஐஸ்ல வச்சுக் காப்பாத்தறோம்."
"வம்சம்?"
"அது மொதலாளி ரூம்ல பூட்டுன நோட்டு. சீட்டு அங்க போகவே போகாது."
போட்டாலும் காய்ச்சல் வரலாமாம், ஆளைச் சாய்ப்பது குறையுமாம். புதுக் கிருமி வந்தால் சீட்டை மாற்றி எழுதினால் போதும், மருந்து சீக்கிரம் தயாராகுமாம். புற்றுநோய்க்கும் எழுதிப் பார்க்கிறார்களாம்.
எட்டாவது தாண்டாத எனக்குப் பத்து நிமிஷத்தில் விளங்கிற்று. போன் டாக்டருக்கு இத்தனை வருஷமாக சார்ஜ் ஏறுகிறது, வேறொன்றும் ஏறவில்லை.

மார்ச் 11
"பெரியப்பா கோவிச்சுக்குவாரேம்மா."
"கோவிக்கட்டும். பொழச்சுக் கெடந்து சமாதானம் பண்ணிக்கலாம்."
போட்டாயிற்று.

மார்ச் 12
மகளுக்குக் காய்ச்சல். ஒரு நாள் இருக்கும் என்று நர்ஸ் மாத்திரை கொடுத்திருந்தாள். தெரியும். தெரிஞ்சும்... அவருக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.
"நான் சொன்னேன்ல" என்றார் போன் டாக்டர். நான் அவ நெத்தியிலேர்ந்து கையை எடுக்கல.

மார்ச் 13
காய்ச்சல் இல்லை. பசிக்கிறது என்றாள்.

மார்ச் 20
போன் டாக்டர் கேன்டீனுக்கு வந்தார். டீ வாங்கிக் குடிக்காமல் நின்றார்.
"அது... எந்த ரூம்ல போடறாங்க?"
மூன்று மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததெல்லாம் அப்படியே இருந்தது.
"இடது பக்கம், மூணாவது கதவு. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்குங்க."
போனார்.
கேன்டீனிலிருந்து அந்தக் கதவு நாற்பது அடிகூட இருக்காது. வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில்தான் நிற்பார்.