பட்டனம்மாவுக்கு ஒரு நற்சான்று

ஜூன் 2

பட்டனம்மாவுக்கு, கடை முதலாளி எழுதிக்கொள்வது.

நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு முறை பார்த்துக்கொள். நானேதான் எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் என் முதல் கடிதம். மருமகள் இரண்டு வருடமாக எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது உனக்குத் தெரியும். "மாமா, முதல் கடிதம் யாருக்கு?" என்றாள். எதிரே உன் கவுண்டர் காலியாக இருந்தது. உனக்குத்தான் என்றேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

மகளும் பேத்தியும் சுகமா? பிரசவம் முடிந்து இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்று போனாய். மூன்று முடிந்துவிட்டது. குறை சொல்லவில்லை. எனக்கு எண்ணத் தெரியும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று மூலைக்கடை டெய்லர் ஒரு கோட்டைக் கொண்டுவந்து, இதே மாதிரி பட்டன் வேண்டும் என்றார். நீயாக இருந்தால் அவர் படியேறும்போதே பெட்டியை எடுத்திருப்பாய். நான் பதினான்கு பெட்டி திறந்தேன். "முதலாளி, நகருங்க, நானே தேடிக்கிறேன்" என்று அவர் உள்ளே வந்துவிட்டார். தனக்கு எடுத்துக்கொண்டு, வந்த இன்னொருவருக்கும் வியாபாரம் செய்துவிட்டுப் போனார்.

சீக்கிரம் வந்து சேர்.

கைநாட்டு இல்லை, கையெழுத்து:
முதலாளி


ஜூன் 9

முதலாளி ஐயாவுக்கு அன்பு வணக்கம்.

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். "யாரும்மா இவ்வளவு குண்டு குண்டா எழுதறது?" என்றாள் மகள். "எங்க முதலாளி. பில் புத்தகத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டே இருபது வருஷம் என்னை மிரட்டினவர்" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முதல் நாளே தெரியும்.

ஐயா, சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்கிறேன். இங்கே மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் தையல் சாமான் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், பிடித்துவிட்டது. மகளுக்கும் நான் பக்கத்தில் இருந்தால் தெம்பு. ஆனால் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் வேலை இல்லையாம். உங்களை விட்டால் யாரிடம் கேட்பேன்? இருபத்திரண்டு வருடமாக வேறெந்தக் கடையிலும் நான் நின்றதில்லை.

எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். எழுதாவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது. கொஞ்சம் இருக்கும்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு,
பட்டனம்மா


ஜூன் 16

பட்டனம்மாவுக்கு,

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில், "இவர் என் கடையில் வேலை செய்தார். நேரத்துக்கு வருவார்" என்று இரண்டே வரி எழுதி உறையை ஒட்டிவிட்டேன். அதைப் பார்த்தால் உன்னை எடுக்க மாட்டார்கள், நீ இங்கேயே வந்துவிடுவாய் என்று நினைப்பு. மருமகள் என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். "இருபத்திரண்டு வருஷத்துக்கு இவ்வளவுதானா மாமா?" என்றாள். கிழித்துப் போட்டேன். நான்கு நாளாக உட்கார்ந்து வேறு எழுதினேன். இதை அவர்களிடம் கொடு:

"துணிக்கடை மேலாளருக்கு, பட்டனம்மாவைப் பற்றிச் சின்னக் கடைக்காரன் எழுதுவது.

ஒருநாள் ஒரு பெண் கோட்டோடு வந்தார். மேல் பட்டன் விழுந்திருந்தது. அதே மாதிரி எங்களிடம் இல்லை. ஆறு பட்டனையும் புதிதாக மாற்றச் சொல்லியிருக்கலாம். இந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. 'கடைசிப் பட்டனைப் பிரிச்சு மேல தைச்சுக்குங்க. கீழ, கிட்டத்தட்ட இருக்கிற ஒண்ணை வெச்சா யாருக்கும் தெரியாது' என்று ஒரே ஒரு பட்டனை விற்றார். நான் திட்டினேன். அந்தப் பெண் பன்னிரண்டு வருடமாக வேறு கடைக்குப் போவதில்லை. திட்டியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

இவரிடம் ஒரு குறை உண்டு. சாயங்காலமானால் முழங்கால் வலிக்கும், சொல்ல மாட்டார். அது என்னால் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூடாது என்று இவருக்கு நாற்காலி போட விடவில்லை. நான் மட்டும் கல்லாவில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக இவர் இடத்தில் நான் நிற்கிறேன். இப்போது தெரிகிறது. இவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். இவரைப் போல் இன்னொருவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். எனக்கும்."

முதலாளி


ஜூன் 29

அன்புள்ள ஐயா,

வேலை கிடைத்துவிட்டது.

மேலாளர் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "உங்களை விட மனசில்லாமத்தான் எழுதியிருக்கார் போலிருக்கே" என்றார். "ஆமா சார். ஆனா விட்டுட்டாரே" என்றேன்.

நான்காம் நாள் எங்கள் மாடிக்குப் பதினொரு முக்காலி வந்து இறங்கியது. ஆளுக்கு ஒன்று. கூட்டம் இல்லாதபோது எல்லோரும் உட்கார்ந்துகொள்கிறோம். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். "வேண்டாம், நேரில் திட்டுவார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடிதத்தை அவர் கோப்பில் வைக்கப் பார்த்தார். நகலைக் கொடுத்துவிட்டு அசலை வாங்கிக்கொண்டேன்.

என்றும் மறவாத,
பட்டனம்மா


ஜூலை 7

பட்டனம்மாவுக்கு,

படித்தேன். மருமகள் உதவி இல்லாமல். சந்தோஷம்.

'ஆள் தேவை' என்று பலகையில் நானே எழுதி மாட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல். ஒரு பெண் வந்தாள். சம்பளம் கேட்பாள் என்று பார்த்தால், "இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?" என்றாள். கெட்டிக்காரி. உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

"நல்லா வேலை செய்யறீங்கன்னு அவங்ககிட்ட எப்ப சொன்னீங்க?"

"போன மாசம்."

சிரித்துவிட்டாள். "என்னால அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுங்க" என்றாள்.

இன்று வேலைக்கு வந்தாள். மூன்றாவது பெட்டியிலேயே சரியான பட்டனை எடுத்துவிட்டாள். உடனே சொல்லிவிட்டேன்.

முதலாளி