மெட்டியைக் கழற்றியாயிற்று, அம்மா

செருப்பின் ஓரத்தைப் பிளேடால் வெட்டிப் போட்டுக்கொண்டு நடந்த என் செல்ல அம்மாவுக்கு,

போன வாரம் என் வலது காலில் ஆபரேஷன் நடந்தது. பதறாதே, உனக்கு இருந்த அதே தொல்லைதான். கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டது. உன் மூக்கு எனக்கு வந்திருக்கலாம், கால்தான் வந்தது.

எண்பதுகளில் உனக்கு நீளமாகக் கிழிக்க வேண்டும் என்றார்கள். இப்போது குரோம்பேட்டை டாக்டர் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகவே எலும்பை வெட்டி நேராக்கி, ஒரு கம்பியைச் செருகியிருக்கிறார். அதன் முனை விரல் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாளே குதிகாலை ஊன்றி பாத்ரூம் வரை நடந்தேன்.

நீ கத்திக்கா பயந்தாய்? தாம்பரம் டாக்டர், "கால் வீங்கும்மா, மெட்டிய கழட்டிட்டு வாங்க" என்றதும் எழுந்துவிட்டாய். "அவரு நல்லா இருக்கும்போது நான் கழட்டறதா?" என்றாய். அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கடைசிவரை ஸ்டேஷன் மேம்பாலப் படிகளைக் காலைப் பக்கவாட்டில் வைத்துத்தான் ஏறினாய். நினைத்தபடியே மெட்டியோடு போய்ச் சேர்ந்தாய்.

எனக்கும் டாக்டர் அதையேதான் சொன்னார். "கழட்டு, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று உன் மாப்பிள்ளை சிரித்தார். எனக்குத்தான் கை போகவில்லை. ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறவள், விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கீழே உட்கார்ந்தார். பெற்றவர் என் காலைத் தொடுகிறாரே என்று நான் இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. எண்ணெய் தடவி, மெல்லத் திருகிக் கழற்றினார்.

"நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்கம்மா கழட்டியிருப்பா. சொல்லல."

"ஏம்பா?"

"எனக்கும் பயமா இருந்துச்சும்மா."

இது உனக்குத் தெரியுமா அம்மா? தெரிந்துதான் வலியைப் பொறுத்துக்கொண்டாயா? அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. மெட்டியை அவரே கழுவித் துடைத்து உன் படத்தின் முன்னால் வைத்திருக்கிறார்.

உன் பேத்திக்கும் கட்டைவிரல் லேசாகச் சாயத் தொடங்கியிருக்கிறது. அவளுக்கு வலி வரும் நாளில், யாருடைய ஆயுளையும் அவள் காலில் மாட்ட விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் காலை அப்படியே வாங்கிப் பிறந்த மகள்,
சுகுணா