கன்று இல்லாத காடு

மருதங்காட்டுப்புதூர்,
பொள்ளாச்சி வழி.
22.5.1994

அன்பு மகள் சாந்தாமணிக்கு,

அப்பா ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இது வாத்தியார் எழுதியதும் அல்ல, தபால்காரர் எழுதியதும் அல்ல. நானே எழுதுகிறேன்! அறுபத்தேழு வயதில் அறிவொளி வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்ததற்குக் கூலி இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்து படிங்க" என்கிறாள்.

இங்கே எல்லோரும் சுகம். துடியலூரில் குடிதண்ணீர்க் கஷ்டம் என்று மாப்பிள்ளை சொன்னாரே, இப்போது எப்படி?

நம் ஆற்றோரத்து அம்மன் காட்டில் மரங்களைக் கணக்கெடுக்க, கோவையில் காடுகளைப் பற்றிப் படிக்கும் கீதா என்ற பெண் வந்தாள். வழிகாட்ட ஆள் கேட்டாள். எழுதவும் செய்வேன் என்றேன். சிரிக்காமல் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு பெரிய மரத்தையும் நாடாவால் சுற்றி அளந்து அவள் சொல்ல, நான் எழுதினேன். மரத்தைச் சுற்றி எத்தனை கன்றுகள் இருக்கின்றன என்பதை அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும்.

முதல் நாள் ஒரே குஷி. நீர்மருது, பதினாறு அடி. கன்று பூஜ்யம். இலுப்பை, பதினோரு அடி. பூஜ்யம். எனக்குப் பூஜ்யம் நன்றாக வரும். வட்டமாகப் போட்டுக்கொண்டே போனேன். மறுநாள் கணக்கு முடிந்ததும் பக்கங்களைத் திருப்பினேன். மேலிருந்து கீழ்வரை என் கையால் போட்ட பூஜ்யங்கள். நூற்று நாற்பத்திரண்டு பெரிய மரங்கள். ஒரு கன்றுகூட இல்லை. அம்மணி, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். கோடாலி படாத காடு அது. விழுந்த கிளையைக்கூட யாரும் எடுப்பதில்லை. வனத்துறையும் பலகை வைத்துக் காக்கிறது. இத்தனை வருடம் அதற்குள் அண்ணாந்து பார்த்தே நடந்திருக்கிறேன்.

கீதா மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இங்க ஆத்துத் தண்ணி வந்து எத்தனை வருசமாச்சுங்க?" என்று கேட்டாள். பதினைந்து என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மருத விதை வெள்ளத்தில் மிதந்து, தண்ணீர் வடிந்த வண்டலில் ஒதுங்கி முளைக்குமாம். இப்போது விதைகள் சருகின்மேல் காய்ந்து கிடக்கின்றன. தரையெல்லாம் உண்ணிச்செடி. ஆற்றைத் தடுத்தது நான் போட்ட மண்கரை.

அந்தக் கரை எதற்கு வந்தது என்று உனக்குத் தெரியும். சீராகக் கொடுத்த தாழ்வயலில் நீ முதல் வருடம் விதைத்த சோளம் இரண்டு நாள் தண்ணீரில் நின்று அழுகியது. நீ அழுதாய். இனி உன் வயலில் ஆறு கால் வைக்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். காட்டுக்கும் நல்லது என்று நினைத்து அதையும் சேர்த்து வளைத்துக் கட்டினேன். ஊரே மெச்சியது.

கரையின் தலைப்பு, ஆறு வந்து முட்டும் மேல்முனை, உன் நிலத்தில் இருக்கிறது. அங்கே வெட்டினால்தான் தண்ணீர் காட்டுக்குள் ஏறும். வயலுக்கும் காட்டுக்கும் நடுவே சின்னக் கரை போடலாம் என்கிறாள் கீதா. பெருவெள்ளம் வந்தால் அதைத் தாண்டி உன் வயலுக்குள் வரும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போன வருடம் அந்த வயலில் நட்ட தென்னங்கன்றுகள் அறுபதும் பிடித்துக்கொண்டன. அவற்றை நம்பித்தான் பெரியவளைக் காலேஜுக்கு அனுப்ப நினைத்திருக்கிறாய் என்பதும் தெரியும்.

"எழுதப் பழகுனதும் புள்ளைக்கு மொதல்ல எழுதறது இதுங்களா?" என்கிறாள் உன் அம்மா. அவள் கேட்டதையும் இதிலேயே எழுதிவிட்டேன்.

ஆடியில் ஆறு பெருகும். கரையை வெட்டலாமா என்று அதற்குள் பதில் வேண்டும். மாப்பிள்ளையிடம் கலந்து பேசு, ஆனால் நீயே எழுது. கூடாது என்றால் கூடாது என்றே எழுது. கரை அப்படியே நிற்கும். உனக்குக் கொடுத்த வாக்கு, உன்னைக் கேட்காமல் உடைக்க மாட்டேன்.

இன்று காலையும் அந்த மரங்களின் அடியில் நின்றுவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். உன் பிள்ளைகளும், அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளும் உன் காலைச் சுற்றி நிறைந்து நிற்பதை நீ கண்ணாரக் காண வேண்டும், தாயே.

உன் அப்பா,
ஆறுச்சாமி