எந்த விரல்?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பா முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசியை மாத்திரைகள் பார்த்துக்கொள்ளும். உன் நலத்தை ஒளிக்காமல் எழுது, ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன் இல்லையா, பகலெல்லாம் நன்றாக இருப்பார், சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும், வேர்த்து ஊற்றும். ரத்தத்தைச் சோதித்தால் மாடுகளுக்குக் கரு கலையச் செய்கிற கிருமி. மாட்டு டாக்டருக்கு மாட்டு நோயா என்று கேலி செய்தேன். ஆனால் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு இவர் மென்று விழுங்கி, பால்காரம்மா கொட்டிலில் காய்ச்சாத பால் ஒரு வாய் குடித்திருப்பேன் என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான், அவளுடைய பதினோரு மாடுகளுக்கும் வந்தது வினை. பால் விற்கத் தடை போட்டார்கள், நோய் உறுதியானால் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும் என்றார்கள். மாடுகளின் ரத்தத்தைப் பார்த்தும் பயனில்லை, கன்றிலேயே தடுப்பூசி போட்டவை, நோய்க்கும் ஊசிக்கும் அது ஒரே பதிலைச் சொல்லக்கூடும். அவள் தினமும் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் அப்பாவின் கிருமி என் மேசைக்கே வந்தது. அந்தத் தடுப்பூசியிலும் அதே கிருமிதான் உயிரோடு இருக்கும், ஆனால் சாதுவானது, அதன் மரபணுவில் ஒரு துண்டு கிடையாது. அந்த இடத்தை மட்டும் பெருக்கி, மின்சாரம் பாய்ச்சிய கூழ்ப் பலகையில், அதாவது ஜெல்லில், ஓடவிட்டால் நிஜ நோய்க் கிருமியின் கோடு மேலே நிற்கும், துண்டு குறைந்த ஊசிக் கிருமியின் கோடு கீழே இறங்கிவிடும். அப்பாவின் கோடு கீழே இருந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன், எங்கள் தலைமை டாக்டரம்மாவையும் தனியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்று முறையும் கீழேதான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், எந்த விரல் என்று மட்டும் கேட்டேன். மனிதர் இடது ஆள்காட்டி விரலை நீட்டினார். போன மாதம் தடுப்பூசி போடும்போது கன்று துள்ளியதில் ஊசி குத்திவிட்டதாம், கையுறை போடவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் கையுறை போடாத உதவியாளர்களை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தாராம், பிறகு எந்த முகத்தோடு சொல்வதாம். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பாலிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது, தடையை நீக்கினார்கள். அப்பா தானே கொட்டிலுக்குப் போய் எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொன்னார். பால்காரம்மா திட்டவில்லை, மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஒம்பது நாள் தூங்கியிருப்பேனே டாக்டரே என்றாளாம். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. இப்போது தட்டு கழுவவும் கையுறை போடுகிறார், பார்த்தால் சிரிப்பாய்ச் சிரிப்பாய். மாடுகள் பிழைத்தன, மனிதரும் தேறிவிட்டார், எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

போன வாரம் உன் குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டேன், ஒண்ணுமில்லம்மா என்றாய். உன் அப்பாவும் அத்தனை நாளும் இதே குரலில் ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னார். அவருடைய ரத்தம் என் மேசைக்கு வந்தது, உன் குரலை நான் எந்த ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பேன் கண்ணு? நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, தீர்க்காயுசாக இரு. எது குத்தியிருந்தாலும் சொல்லிவிடு, நான் திட்ட மாட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா